இன்னிக்கு இருக்கு

கண்ணை மூடி உட்காருவதற்கென்றே உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ எங்கள் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். எழுபதுகளிலேயே வந்துகொண்டிருந்தார்கள். மலையைப் பார்த்த மாதிரி ஒரு பாறை கிடைத்தால் போதும், வெள்ளைக்காரப் பெண்கள் கைத்தறிப் புடவையை எப்படியோ சுற்றிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நேற்றை விடு, நாளையை விடு, இந்த நிமிஷத்தில் இரு என்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்டு போகிற பாடமாம். நல்ல பாடம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை யாராவது சிரித்த முகத்தோடு எனக்கு எடுத்துச் சொன்னால் இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். நாளை என்று ஒன்று கட்டாயம் வரும் என்கிற தைரியம் இருக்கிறவர்கள்தான் அதை விடுவதைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேச முடியும். எனக்கு அந்தப் பாடத்தைக் கட்டிலில் படுக்கப் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அது எமர்ஜென்சி சமயம். யாருக்கு எப்போது என்ன ஆகும் என்று தெரியாமல் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து, இரண்டு குழந்தைகள் போதும் என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு ஒன்றே தங்கவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு முறை நாள் தள்ளி, இரண்டு முறையும் வயிறு தெரிய ஆரம்பிக்கும்போதே கலைந்துவிட்டது. நான் படுத்தபடி பார்க்க இருந்த சுவரும் அந்த ஒரே சுவர்தான். அந்த பெயிண்டரை நான் திட்டாத திட்டு இல்லை.

மூன்றாவது முறை உண்டானபோது புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் போனோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். வெடுக்வெடுக்கென்று பேசுவார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். எழுந்து நடக்கக்கூடாது, குனியக்கூடாது, குளியல்கூட ஈரத்துணியால் துடைத்துவிடுவதுதான் என்றார். "எத்தனை நாளுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை நாளுன்னு என்னைக் கேட்டா? இன்னிக்கு இருக்கா? இருக்கு. அதைப் பாருங்க. நாளைக்குச் சங்கதியை யோசிச்சு யோசிச்சுத்தான் இவங்களுக்கு பிரஷர் ஜாஸ்தியா இருக்கு."

அவர் வாய்போக்கில் சொன்னதை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'நாளைக்கு' என்ற வார்த்தை கிடையாது. காலையில் கண் விழித்ததும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். நான், "இன்னிக்கு இருக்கு" என்பேன். அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போவார். வளைகாப்பு எப்போது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. குழந்தைக்கென்று ஒரு கந்தல் துணிகூட எடுத்து வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் பகலில் என்னைப் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார், தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்தான். அக்கா டெய்லரிடமிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கிவந்து கொக்கி வைத்துத் தருவார். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கோரைப்பாயைப் போட்டு உட்கார்ந்து தைப்பார். ரசம் வைக்கப் போகிறேன் என்பதற்குக்கூட ஒரு இன்ஷா அல்லா சேர்த்துக்கொள்வார். அதனால் எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை.

முதல் மாதம் நான் எதையும் கவனிக்கவில்லை, பயந்துகொண்டு மட்டும் கிடந்தேன். இருமினால் பயம், தும்மினால் பயம். பிறகு பயப்பட்டு அலுத்துப்போய், வேறு வழியில்லாமல், இருப்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நகருவதைப் பார்த்தேன். பாய் காற்றடிக்கிற பம்பின் சத்தம் முதலில் லேசாக இருந்து, டியூப் நிறைய நிறைய முக்குவது கேட்டது. அக்கா பல்லால் நூலைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. கஞ்சியில் உப்பு கம்மியா சரியா என்பதை வாயில் வைத்ததும் விழுங்காமல் ஒரு நிமிஷம் யோசிப்பேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சில நாள் அது வரவே வராது. எதிர்ச்சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பேன்.

ஐந்தாம் மாதம் தாண்டியது. உள்ளே ஒரு துடிப்பு தெரிந்தது. அப்புறம் நன்றாகவே புரள ஆரம்பித்தது. "ஏங்க, இப்போ அசையுது, வாங்க" என்று கூப்பிடுவேன். அவர் வரமாட்டார். திடீரென்று அவருக்குக் குடத்தில் தண்ணீர் இல்லாதது ஞாபகம் வந்துவிடும், இல்லாவிட்டால் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். எனக்குக் கல்மனசோ என்று ஆத்திரமாக வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். செங்கல்லைச் சரிபண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டு, "தொட்டுட்டா ஆசை வந்துடும்மா" என்றார். இந்த நிமிஷத்தில் இருக்கிறோம் என்று நாங்கள் பீற்றிக்கொண்டதெல்லாம் பாதி பயம்தான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நாளையைத்தான் தள்ளி வைத்தோம் என்று நினைத்தேன். அவர் குழந்தையையும் சேர்த்தே தள்ளி வைத்திருந்தார்.

ஏழாம் மாதத்தில் கார்த்திகை வந்தது. கொஞ்சநேரம் நாற்காலியில் உட்காரலாம், படி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தீபத்தன்று காலையிலிருந்து தூறல். எங்கள் ஊரில் அன்றைக்கு மலையுச்சியில் தீபம் ஏறுகிறவரை வீட்டில் விளக்கேற்ற மாட்டோம். சாயங்காலம் ஊரே மொட்டைமாடியில் நின்று உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கும். மேலே சுடர் தெரிந்ததும் ஒரே கூச்சலாக அரோகரா எழும்பும், அதற்குப் பிறகுதான் வாசலில் அகல். கீழே என் கட்டிலிலிருந்து அந்தச் சிவப்பு முக்கோணம் மட்டும்தான் தெரியும். மேலே எல்லோரும் நடக்கிற காலடிச் சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"நானும் பாக்கணும்" என்றேன்.

"பதினோரு நாள் எரியுமே தங்கச்சி. ஒடம்பு தேறினதும் மெதுவா பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

"எரியறதை என்னிக்கு வேணும்னாலும் பாக்கலாம்க்கா. ஏத்தறதை?"

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயைக் கூப்பிட்டு வந்தார். இருவரும் என்னை மர நாற்காலியோடு தூக்கி, சுவரில் இடிக்காமல், ஒவ்வொரு படியாக மேலே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா சொல்லை நாங்கள் மீறவில்லை பாருங்கள். நான் படி ஏறவில்லை, நாற்காலிதான் ஏறியது. வழியெல்லாம் பாய், "மெதுவா சார், மெதுவா சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் நான் சிரித்ததே இல்லை.

மாடியில் தெருவே இருந்தது. மழை விட்டிருந்தது, ஆனால் உச்சியை மேகம் மூடியிருந்தது. இன்றைக்குத் தெரியாது என்று சிலர் இறங்கியே போய்விட்டார்கள். நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஈரக்காற்று முகத்தில் பட்டது, நாற்காலியின் கைப்பிடி சில்லென்று இருந்தது, வானம் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன். அப்போது மேகம் கொஞ்சம் விலகியது. உச்சியில் ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. அடுத்த வினாடி கோயில் பக்கமிருந்து கிளம்பிய சத்தம் மாடி மாடியாகத் தாவி எங்களிடம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. அதுவரைக்கும் புரண்டதுதான் உண்டு. இது உதை.

அவர் என் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே, முதல் தடவையாகக் கேட்டார்.

"அசையுதா?"

"உதைக்குது. கை வைங்க. சீக்கிரம்."

அவர் கை என் பக்கம் வந்தது. வந்தது, நடுவில் நின்றது. சுற்றிலும் பார்த்தார். பாய் நின்றுகொண்டிருந்தார், எதிர்வீட்டுப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார், அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். ஊரார் பார்க்கப் பெண்டாட்டி வயிற்றில் கை வைக்கிற ஆம்பளை எங்கள் தெருவில் அன்றைக்குப் பிறக்கவில்லை. "கீழ போய்" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கீழே வந்தால் வீடு நிறைய ஆள். வெல்லப்பொரி உருண்டை, அகல், குழந்தைகளின் கூச்சல். எல்லோரும் போன பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு என் வயிற்றில் வைத்தார். ஆசை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவுபண்ணிவிட்ட முகம். காத்திருந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை.

"தூங்குது போல. காலைல பாருங்க" என்றேன்.

காலையில் வலி வந்துவிட்டது. மழையில் ஒரு குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண் குழந்தை. உயிரோடு பிறந்தது. டாக்டரம்மா எவ்வளவோ பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, பொய் சொல்லாமல், "மூச்சு பத்தலம்மா. உங்க மேலயே இருக்கட்டும்" என்று அதை என் மார்பில் வைத்துத் துணியால் மூடிவிட்டுப் போனார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அவர் வெளியில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

மூச்சைக் கவனி என்று சொல்லித்தருகிறார்களே, நான் கவனித்திருக்கிறேன். என்னுடையதை அல்ல. ஒரு மூச்சு உள்ளே போகும். அதன் விலாவெலும்பு மெல்லிசாகத் தெரியும். வெளியே வரும். பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் எனக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, சாமியும் இல்லை. மறுபடி ஒன்று வரும். நெற்றியில் பூனைமயிர் இருந்தது. நகம் அரிசிக்குருணை அளவு. காது அவருடையது. இவ்வளவையும் நான் பார்த்துவைத்தேன். அழக்கூட இல்லை, அழுதால் கண் மறைக்கும். மத்தியானம் ஒரு இடைவெளி முடியவே இல்லை.

அதன் பிறகுதான் அவரிடம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு துணியை விலக்கிப் பார்த்தார். சாயங்காலம் வண்டியில் வெறுங்கையோடு வீடு திரும்பும்போது மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் எரிந்தது. பதினோரு நாளும் எரிந்தது. ஒரு தடவை மழையிலாவது அணைந்து தொலைத்திருக்கலாம்.

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதால்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அதனால் இல்லை, போகாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. மெய்யா, என் மனசுக்காகச் சொன்னதா என்று தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் அந்தச் சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். என் பெண்ணுக்குக் கிடைத்தது ஒரே ஒரு திருவிழா. அதை அவள் உதைத்துக் கொண்டாடினாள். அது தப்பென்று யார் சொன்னாலும் அவர்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை.

என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. யார் சொன்னதையும் மறுத்துப் பேசவில்லை, எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். எங்களுக்கு அதற்குப் பிறகு குழந்தை இல்லை. தீபத்தன்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். நான் மட்டும் மேலே போவேன். ஏன் போகிறாய் என்று அவர் கேட்டதில்லை, ஏன் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை. வருஷங்கள் இப்படியே போயின. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டம் பெருகியது, லாட்ஜுகள் வந்தன, எதிர்ச்சுவரை இடித்து அங்கே கடை கட்டினார்கள். அக்காவும் பாயும் மகளோடு இருக்க வேலூருக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டு, கரண்ட் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு இருந்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தீபம். அவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. நான் மாடிச் சுவரோரம் நின்றிருந்தேன், தெரு நிறையப் புதுமுகங்கள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்தான். என் பக்கத்தில் வந்து நின்றார். உச்சியில் சுடர் தெரிந்தது, சத்தம் எழும்பியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. மலையைப் பார்த்தபடியே, அந்தக் கூச்சலில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எந்தப் பக்கம் உதைச்சுது?"

நான் அவர் கையைப் பிடித்து, இடது விலாவுக்குக் கீழே, புடவைமேல் வைத்தேன். பக்கத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.