வடக்குச் சுவர் காயும் முன்னே

இருபத்தாறு வருஷமாக வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். பனியும் தூறலுமான மாதங்களில் என்னைக் கூப்பிட்டால் முதலில் சண்டைதான் வரும். வெயில் ஏறாமல் பிரஷைத் தொடமாட்டேன். முதல் நாள் சாயங்காலமே சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். காலையில் அதன் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வேலை இல்லை. "சுவரைக் காயவைக்கிறியா, எங்களைக் காயப்போடறியா?" என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. 'பத்துமணி பெயிண்டர்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. ரொம்ப அவசரப்படுத்தினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்பேர்ப்பட்ட யோக்கியன்!

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில்தான் என் யோக்கியதை சந்தி சிரித்தது.

அங்கே அவளுக்கு இருந்த பெருமையே என் தொழில்தான். "எங்கப்பா அடிச்சா பத்து வருஷம் நிக்கும் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிச் சொல்லியே என்னை வரவழைத்தாள். "வெள்ளிக்கிழமை மூத்தவன் குடும்பத்தோட வர்றான். அதுக்குள்ள முடியுமா அண்ணா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"மூணே நாள். என்னை என்னன்னு நெனச்சீங்க?" என்றேன். வாய் சும்மா கிடந்தால்தானே!

இரண்டு ஆள் வைத்து இரண்டு நாளில் மூன்று பக்கம் முடித்தேன். வடக்குச் சுவரில் வெயிலே விழாது. வியாழக்கிழமை காலை தாளைப் பிரித்தால் பின்னால் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டும். மார்தட்டினவன் எந்த முகத்தோடு சொல்வது? தோளில் கிடந்த துண்டால் சுவரைத் துடைத்தேன். தாளையும் துடைத்தேன். "காஞ்சிடுச்சு!" என்று ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

திரும்பினால் ஜன்னலில் மகள், கையில் எனக்கு டீ. அவள் கண் என் துண்டிலேயே இருந்தது.

"அப்பா..." என்றாள்.

"எனக்குத் தெரியும், நீ போ" என்று எரிந்து விழுந்தேன்.

நாற்பது நாள்கூடத் தாங்கவில்லை. சம்பந்தியம்மா போன் செய்தார். போய்ப் பார்த்தால் வடக்குச் சுவர் முழுக்கக் கொப்புளம், விரல் வைத்த இடமெல்லாம் தோலாக உரிகிறது. அவர் கோபப்படவில்லை. "ஏன் அண்ணா இப்படி ஆச்சு?" என்றார்.

"டப்பா சரியில்ல சம்பந்தி. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. மற்ற மூன்று சுவரும் பளிச்சென்று நிற்கின்றன. அவருக்கும் கண் இருக்கிறதே. "அந்தப் பக்கமும் இதே பெயிண்ட்தானே?" என்றார்.

மகள் முன்னால் வந்தாள்.

"அப்பா மேல தப்பு இல்ல அத்தை. ஈரமா இருக்கு, அடுத்த வாரம் வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்கன்னு நச்சரிச்சேன்."

அடிப்பாவி! அப்படி ஒரு வார்த்தை அவள் சொல்லவே இல்லை.

சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பினார். "தொழில் தெரிஞ்ச மனுஷன் சொன்னா கேக்க வேண்டாமா? எல்லாத்துலயும் உனக்கு அவசரம்! உன்னால அவருக்கும் கெட்ட பேரு." அதோடு விடவில்லை, அடுப்படி விஷயம், துணி விஷயம் என்று பழையதெல்லாம் கிளம்பியது. மகள் தலை குனிந்து நின்றாள். 'அவ இல்ல, நான்தான்' என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. வெட்கங்கெட்டவன், சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலம், தப்பித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு.

சம்பந்தியம்மா உள்ளே போனதும் சுரண்டுகிற தகட்டை எடுத்தேன். "நானே சுரண்டி, நல்லா காயவிட்டு, புதுசா அடிச்சுக் குடுத்துடறேன்மா" என்றேன்.

அவள் தகட்டை என் கையிலிருந்து வாங்கி என் பைக்குள் வைத்தாள்.

"வேணாம்ப்பா. இன்னொரு தடவை என்னால பொய் சொல்ல முடியாது. இனிமே இங்க வேலைக்கு வராதீங்க. என்னைப் பாக்க மட்டும் வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சினாள்.