ஒரே ஆளை எத்தனை பேராகச் சொல்வது

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. நிலக்கரி ஏற்றிப் போகிறவர்களில் ஒடிசாக்காரர் உண்டு, ஆந்திராக்காரர் உண்டு. கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எந்தெந்த நாடோ. இவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கொடுத்தே நான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். என் இங்கிலீஷில் "ஐ" என்பதே கிடையாது. "மீ கோயிங்", "மீ டெல் கேப்டன்" என்று எல்லாம் "மீ"தான். புரியவில்லை என்று துறைமுகத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வீட்டில்தான் சொன்னார்கள்.

"உங்க இங்கிலீஷ்ல எழுவாயே கெடையாதுங்க. எல்லாம் செயப்படுபொருள்தான்" என்றாள் என் மனைவி.

அவள் நர்ஸ். காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டைப் பார்த்துக்கொள்கிறாள். இலக்கணம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவளைத்தான் அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் செய்து, தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நோயாளியின் நிலையை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் சொல்வது தெளிவாக இல்லையாம். இன்னும் ஒரே ஒரு முறை வரலாம், அதிலும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. கல்லூரி முடித்த நாளிலிருந்து அவள் மனதில் வைத்திருந்த வேலை அது.

நடந்தது இதுதான். நீங்கள் நேரில் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நேர்காணல் எடுத்த அம்மா கேட்டிருக்கிறார். இவள் தன் வார்டில் கட்டிலிலிருந்து விழுந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். "தே ஃபெல்" என்று ஆரம்பித்தாள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கேட்டார் அந்த அம்மா. ஒருவர்தான் என்றாள். அடுத்த வாக்கியமும் "தே"தான். மருந்து வேண்டாம் என்று "தே" சொன்னார்களாம். சொன்னது யார்? பெரியவரா, பக்கத்திலிருந்த அவர் மனைவியா, மகனா? கேட்டுக்கொண்டு வேலையைத் தொடரப் போகிற நர்ஸுக்கு அது தெரிந்தாக வேண்டும் அல்லவா? அப்புறம், யார் பார்த்தது, யார் டாக்டரைக் கூப்பிட்டது என்று கேட்டதற்கெல்லாம் "வி", "வி" என்றே பதில்.

"ஒருத்தருக்கு 'ஹி'ன்னு எனக்குத் தெரியாதாங்க? எழுதச் சொன்னா ஒரு தப்பு இருக்காது. வாய்தான் வர மாட்டேங்குது. அவங்க எங்கப்பா வயசு. 'ஹி'ன்னு சொன்னா என் காதுல 'அவன்'னு விழுவுது" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் ஒரே ஆள் வந்தாலும் "வந்துட்டாங்க" என்றுதான் சொல்கிறோம். ஒரே டாக்டர்தான், "டாக்டர் போயிட்டாங்க." இங்கிலீஷிலும் இப்போது ஒருவரை "தே" என்று சொல்வது உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது சொல்கிறார்கள். தன்னை அப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறார்கள். கட்டிலிலிருந்து விழுந்த பெரியவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

சாயந்தரங்களில் எங்கள் கோவில்பத்து வீட்டில் பயிற்சி நடந்தது. நான் கேள்வி கேட்கிற ஆள். முதல் நாளே, "மை ஹஸ்பெண்ட், தே ஆர் இன் போர்ட்" என்றாள்.

"எத்தன பேரு ஒனக்கு?"

"ஒருத்தர சமாளிக்கவே நேரம் பத்தல, போங்க."

இன்னொரு நாள் ரொம்பக் கஷ்டப்பட்டு "ஹி" என்று தொடங்கி, பாதியில் மனசு கேட்காமல் "ஹிங்க" என்று முடித்தாள். இருவரும் சிரித்துச் சிரித்து அன்றைய பயிற்சி அத்தோடு போனது.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மீன் ஆய்வார். என்ன விஷயம் என்று விசாரித்தார். சொன்னோம்.

"மரியாதைங்கறது கொசுறு தங்கச்சி. நாம ஒரு கை அள்ளிப் போட்டுக் குடுக்குறோம். வெள்ளக்காரன் எட போட்டா, போட்டதுதான். அதுக்குப் போயி அழுதா ஆவுமா?"

யார் வாயிலிருந்து இப்படி எது விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். இதையும் வைத்துக்கொண்டேன். மனைவியின் வாய் மட்டும் திருந்தவில்லை.

காது பழகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சர்ச்சில் நடக்கும் இங்கிலீஷ் பூசையைப் போட்டுவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். திடீரென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, கேட்டீங்களா? ஆண்டவரையே 'ஹி'ங்கறாங்க."

"ஆமா. எப்பவும் அப்படித்தான்."

"முட்டி போட்டுக்கிட்டே 'ஹி'ங்கறாங்க. அப்ப மரியாத அந்த வார்த்தையில இல்லீங்க, முட்டியில இருக்கு."

சிறு வயதிலிருந்து அவள் எத்தனையோ இங்கிலீஷ் பூசைக்குப் போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. அதன்பிறகு "ஹி" தடங்கலில்லாமல் வந்தது. "ஹிம்", "ஹிஸ்" எல்லாம் கூடவே வந்தன. எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஆனால் "வி" போகவில்லை. "நான் நான்னு சொன்னா பீத்திக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். "ஐ வரலன்னா மீயாவது சொல்லேன்" என்றேன். பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டாவது நேர்காணல் ஒரு நாள் பிற்பகலில் வந்தது. அவள் அறைக்குள் இருந்தாள். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மீன் அக்கா வந்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு அவரும் சத்தமில்லாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மறுபடியும் அதே பெரியவர் கதைதான். ஆனால் இந்த முறை ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். விழுந்தது "ஹி". பக்கத்தில் இருந்தது அவர் மனைவி, "ஷி". மருந்து வேண்டாம் என்றது "ஹி". கெஞ்சிப் பார்த்தது "ஷி". பார்க்காத எனக்கே அந்தக் கட்டில் கண்ணில் தெரிந்தது.

பிறகு அந்த அம்மாவின் கேள்வி காதில் விழுந்தது. சும்மா விழவில்லை, அவருடைய ஒரு கை சோர்ந்து தொங்குகிறது, இது பக்கவாதம் என்பதை முதலில் கவனித்தது யார்?

உள்ளே சத்தமில்லை.

"லைன் போயிடுச்சா தம்பி?" என்று அக்கா காதோடு கேட்டார்.

"ஐ டிட்" என்றாள் என் மனைவி. "ஐ சா இட். ஐ கால்டு த டாக்டர்."

அந்தப் பெரியவர் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். அவர் விழுந்த அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, "நாங்க கவனிச்சுட்டோங்க, நல்லவேளை" என்றாள். வார்டே சேர்ந்து கவனித்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நீ மட்டும்தான் பாத்தியா?"

"ஆமா."

"அப்ப 'நாங்க'ன்னியே?"

"வார்டுல எல்லாரும்தானங்க இருந்தாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அக்கா எழுந்து அவள் பின்னாலேயே போய், "பெரிய ஆளும்மா நீ" என்று அவள் கன்னத்தைத் தடவினார். அன்றைக்கு வீடு முழுக்க மீன் வாசம்.

முடிவு தெரிந்தபோது நான் வேலையில் இருந்தேன். போன் செய்தாள். "எனக்குக் கெடச்சிருச்சுங்க" என்றாள். "நமக்கு" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன்.

நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்தார்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி, நல்ல சேதிதான். அவங்களுக்கு அயர்லாந்துல வேலை கெடச்சிருக்கு."

"யாருண்ணே அவங்க? நம்ம ஆபீசர் யாராச்சுமா?"

"எங்க வீட்டுலதான்யா. என் பொஞ்சாதி."

"இத்தன நாளா அவ வந்தா, அவ போனான்னுதானண்ணே சொல்லுவீங்க?"

"ஆமா" என்றேன். "இன்னியிலேருந்து அவங்க."