சிவப்பு மையில் அடித்த பத்தி

எங்கள் சபையின் நாற்பது வருட வரலாற்றை நான் மேடையேறி வாசித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவேன், அதுவும் வீட்டுக்குள்தான். படியிறங்கினால் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தியும் ஆங்கிலமும். இருந்தாலும் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சபையின் செயலாளராக இருந்த அப்பாவுக்கு, புனேயில் பிறந்த பிள்ளைகளும் தமிழை விட்டுவிடவில்லை என்று காட்ட ஒரு பிள்ளை தேவைப்பட்டது. கேட்ட வீடுகளிலெல்லாம் பரீட்சை இருக்கிறது என்றார்கள். எனக்கும் பரீட்சை இருந்தது.

வரலாற்றை எழுதியதும் அப்பாதான். மாயவரம், தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த லுத்தரன் குடும்பங்கள் சில, ஒரு குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் கூடி ஜெபித்ததில் தொடங்கிய சபை அது. பிறகு கேம்ப் பகுதியில் இருந்த மராத்திக் கிறிஸ்தவர்களின் கோயில் ஒன்றை ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். காலை ஆராதனை அவர்களுடையது, மாலை எங்களுடையது. சாமான் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. ஆகவே ஞானப்பாட்டுப் புத்தகங்களும் திருவிருந்துப் பாத்திரங்களும் அடங்கிய தகரப் பெட்டி ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வந்து, அங்கேயே திரும்பிப் போகவேண்டும். அந்த ஒருவர் என் பெரியப்பா. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. சாங்வியிலிருந்து ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். முப்பது வருடத்துக்கும் மேல் சுமந்தார். அதற்குள் மூன்று ஸ்கூட்டர் மாறிவிட்டன என்று அம்மா சொல்வாள்.

எனக்கு நாலு வயதிருக்கும்போது கோந்த்வாவில் மனை கிடைத்தது. சொந்தக் கோயில் கட்டலாமா என்று பொதுக்கூட்டம் போட்டார்கள். கட்ட வேண்டும் என்று அத்தனை வருடமும் சொல்லிவந்தவர் பெரியப்பாதான். அவரே எழுந்து, அந்த இடம் வேண்டாம் என்றார். சாங்விப் பக்கமிருந்து ஊரின் அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறி, வயதானவர்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். அப்போதைய செயலாளர் என்பதால் கைகளை எண்ணியதும் பெரியப்பாவே. வானவடியில் குடியிருந்த எங்களுக்குக் கோந்த்வா பத்து நிமிட தூரம். அப்பா கை தூக்கினார். பெரியப்பா தம்பியின் கையையும் சேர்த்து எண்ணி, தீர்மானம் நிறைவேறியது என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கோயில் எழும்பியது. சாங்விப் பக்கத்துப் பதினொரு குடும்பங்கள் பிரதிஷ்டைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. பெரியப்பா வீட்டு மொட்டைமாடிக்குக் கீழே இருந்த கூடத்தில் கூடி ஜெபித்துக்கொண்டார்கள். சண்டை என்று யாரும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் பெரியம்மாவும் போனில் பேசிக்கொள்வார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பேசுவதில்லை. எனக்கு அது வினோதமாகவே தோன்றியதில்லை. வளர்ந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ள மாட்டார்கள்போல என்று நினைத்திருந்தேன்.

அப்பா எழுதிய வரலாற்றைப் பார்வையிட ஒரு சனிக்கிழமை மாலை கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. தலைவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் சுபேதார் தாத்தா. அப்பா வாசித்துக்கொண்டு வந்தார். பதினொரு குடும்பங்களைப் பற்றிய பத்தி வந்ததும் தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாப்பதாம் வருஷம், சந்தோஷமான நாளு. அன்னைக்குப் போய் இது எதுக்கு செக்ரெட்டரி?"

"நடந்ததுதானே."

"நடந்ததுதான். நடந்ததெல்லாம் எழுதணுமா? சில குடும்பங்கள் வேறு இடங்களுக்குச் சென்றனன்னு போடுங்க. போதும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்பா என்னிடம் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தார். என்னுடைய பேனா என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைய கவலை, அதை அவர் திருப்பித் தரவேண்டுமே என்பதுதான்.

தமிழ் தெரியாத எனக்காக அம்மா முழு வரலாற்றையும் மராத்தி எழுத்தில் எழுதித் தந்தாள். எதிர்பார்த்ததைவிட அது நன்றாகவே அமைந்தது. மராத்தியில் 'ள' உண்டு. 'ழ' கிடையாது, அதனால் 'ள'வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, புள்ளி வந்தால் நாக்கை மடக்கு என்றாள். பத்து நாள் சமையலறையில் நின்று வாசித்துப் பழகினேன். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. வேகத்தடை மாதிரி புள்ளிகளை மட்டும் கவனித்துக்கொண்டு போனேன்.

விழா நாளில் கோயில் நிறைந்திருந்தது. புதிதாக வந்திருந்த ஐடி கம்பெனிக் குடும்பங்கள் முன்வரிசைகளில், பழைய ஆட்கள் பின்னால். நான் வாசித்தேன். முன்னறை ஜெபம், மராத்திக் கோயில், நான்கு மணி ஆராதனை எல்லாம் தடங்கலில்லாமல் போயின. பிறகு இது வந்தது: "புத்தகப் பெட்டியைத் தன் ஸ்கூட்டரில் சுமந்து இந்தச் சபையை வாரந்தோறும் கொண்டுவந்து சேர்த்தவரையும், அவரோடு பதினொரு குடும்பங்களையும் தூரத்தில் விட்டுவிட்டு நாம் இந்தக் கோயிலைக் கட்டினோம். அவர்கள் இடம் மாறவில்லை. இடம் மாறியது நாம்." நடுவில் பெரியப்பாவின் பெயரும் இருந்தது. வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர் என்பதால் அதில் ஒரு கணம் தடுக்கினேன். பிறகு மேலே போனேன்.

பின்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த ஓர் அத்தையின் கை நின்றது. சுபேதார் தாத்தா திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா ஞானப்பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

போதகர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. வாசிப்பு முடிந்ததும் கண்ணை மூடி, இப்போது நாம் கேட்ட அந்தப் பதினொரு குடும்பங்களையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று மனமுருகி ஜெபித்தார். கமிட்டி உட்பட எல்லோரும் ஆமென் சொல்லவேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்கு முன் என்னைப் போதகர் உடுப்பு மாற்றும் சிறிய அறைக்குக் கூப்பிட்டார்கள். சுபேதார் தாத்தா என் தாள்களை வாங்கிப் பார்த்தார். ராணுவத்தில் இந்தி கற்றவர், இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பதால் அவரால் படிக்க முடிந்தது.

"இது எப்படி உள்ள வந்துது?"

"இவ அம்மா பழைய தாளைப் பாத்து எழுதியிருப்பா. நான் கவனிக்கல," என்றார் அப்பா. பிறகு என் தோளில் கை வைத்து, "தாத்தாகிட்ட சாரி சொல்லும்மா," என்றார்.

சொன்னேன். "பிள்ள என்ன பண்ணும், விடுங்க," என்று தாத்தா பிரியாணிக்குப் போய்விட்டார். நான் சாப்பிடவில்லை. பத்து நாள் பழகியும் பாவி, தப்பாக வாசித்துவிட்டேனே என்று பெண்கள் பக்கத்துக் குழாயடியில் நின்று அழுதேன். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தி, ஐஸ்கிரீம் மிதக்கும் பெரிய மாம்பழ மஸ்தானி ஒன்று வாங்கித் தந்தார். பிறந்தநாளுக்குக்கூட வாங்கித் தராத மனிதர். என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தவறு அவள் எழுதியதில் என்று ஆகிவிட்டதே, அந்தக் கோபம்போல என்று அதையும் நானே முடிவுசெய்துகொண்டேன்.

அம்மா உண்மையைச் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். அடித்த தாளை அப்பா அவளிடம் கொடுக்கவே இல்லை. அடிக்காத இன்னொரு பிரதியை எழுதி எடுத்து வந்து, இதைப் பார்த்து எழுது என்றிருக்கிறார்.

"அவதானே வாசிக்கப் போறா, யாராவது ஏதாவது சொன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். சின்னப் பிள்ளைய யாரு என்ன சொல்லிடப் போறாங்கன்னாரு. கடைசில உன்ன சாரி சொல்ல வச்சதே அவருதான்."

விழா மலரில் அச்சானது தலைவர் சொன்ன வாக்கியம்தான். சில குடும்பங்கள் வேறு இடங்களுக்குச் சென்றன. அப்பாவைக் கோழை என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். தானே நின்று வாசித்திருக்கலாம், அல்லது அந்த அறையில் வாயைத் திறந்திருக்கலாம். இப்போது எனக்கும் கமிட்டிகள் வாய்த்திருக்கின்றன. கோழை என்ற சொல்லை அவ்வளவு எளிதாக எடுப்பதில்லை.

ஆனால் விழாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. பள்ளிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன்.

"பெரியப்பா பேசறேன். நீதான் வாசிச்சியாமே."

"ஆமா பெரியப்பா. தப்பா வாசிச்சிட்டேன். சாரி சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"சுபேதார் தாத்தாகிட்ட. அப்பா சொல்லச் சொன்னாங்க."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எழுதினது யாரு?" என்றார்.

"அப்பா எழுதினாங்க. அம்மா மராத்தில மாத்தினாங்க."

"அப்பா இருக்கானா?"

அப்பா அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் ஒரு கால் ஷூவோடு வந்து ரிசீவரை வாங்கினார். நான் நகரவில்லை. அண்ணனிடமும் என் தப்பைச் சொல்லப்போகிறார், அப்போது பக்கத்தில் இருந்து இன்னொரு சாரி சொல்லிவிடலாம் என்று நின்றேன். அப்பா சாங்வியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். பெரியப்பாவின் முழங்கால் பற்றி எந்த டாக்டர், எந்த மாத்திரை என்று விசாரித்தார். நடுவில் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ம்," என்றார். "சரிண்ணா," என்றார். சுவரில் கை ஊன்றி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடியும் தண்ணீர்.

எனக்குச் சலித்துவிட்டது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம், பெரியப்பா போன் பண்ணியிருக்கிறார், கோயிலைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை, சும்மா தண்ணீர், முழங்கால் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா கேஸைச் சின்னதாக்கிவிட்டு, கூடத்திலிருந்து வந்த குரலைக் கேட்டபடி நின்றாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, சத்தம் போடாதே, அவர்கள் பேசட்டும் என்றாள். நான் சத்தமே போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதப் போனேன்.