றீற்றாவிடம் இருந்த திறப்பு

றீற்றா காலையில் தண்ணீர் குடிக்கமாட்டாள். விரதமும் இல்லை, வைத்தியர் தடுத்ததும் இல்லை. விடிய ஐந்து மணிக்குக் கரைக்கு வந்தால் மீனைத் தரம் பிரித்து, வெட்டி, உப்பிட்டு, கருவாடு காயப்போட்டு முடிக்கப் பகல் இரண்டு மணியாகும். அதுவரை ஒரு பெண் ஒதுங்க எங்கள் கரையில் இடம் கிடையாது, வீடுகளும் எட்டத்தில். ஆண்களுக்குத் தாழம்பற்றை இருந்தது. பெண்களுக்கு இருந்த ஒரே வழி வாயைக் கட்டுவதுதான். றீற்றா இருபத்திரண்டு வருடம் அப்படிக் கட்டியிருக்கிறாள். அதே கரையில் பிறந்த எனக்கு நாற்பத்தெட்டு வயதுவரை இது தெரியாது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நான் நிக்கலஸ். பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். எங்கள் கரையின் சுற்றுலாக் கொமிட்டிக்குச் செயலாளரும் நான்தான். தலைவர் அஞ்சலோ, கரைவலைச் சம்மாட்டி; வலையும் வள்ளமும் அவருடையவை. பெரிய ஹோட்டல்களுக்குப் போகும் வான்கள் எங்களைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதைப் பார்த்துச் சலித்துத்தான் கொமிட்டியைத் தொடங்கினோம். வருகிறவர்கள் எங்களோடு வலை இழுக்கலாம், மீன் வெட்டப் பழகலாம், மத்தியானம் கரைக் கொட்டிலில் றீற்றா சமைக்கும் மீன் சொதியோடு சோறு சாப்பிடலாம். உள்ளங்கை கொப்பளித்தும் சிரித்தபடி கயிற்றை விடாத வெள்ளைக்காரரை அப்போதுதான் நாங்களும் கிட்டத்தில் பார்த்தோம். வலையில் ஒன்றும் படாத நாளிலும் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

ஒரு குறைதான். வருகிறவர்கள் பத்து மணிக்கே நெளியத் தொடங்கிவிடுவார்கள். சோற்றுக்கு நிற்காமல் வானில் ஏறிவிடுவார்கள். றீற்றா சமைத்த சோறு பானையோடு கிடக்கும். அதனால் கொமிட்டி ஒரு மலசலகூடம் கட்டியது. வெள்ளை ஓடு, குழாய், கண்ணாடி, எல்லாம் வைத்தோம். ‘விருந்தினருக்கு மட்டும்’ என்று மூன்று மொழியிலும் பலகை எழுதினேன். எழுத்து அழகாக வந்ததில் எனக்குப் பெருமை வேறு. பூட்டுப் போட்டு, திறப்பை றீற்றாவிடம் கொடுத்தோம்.

எங்கள் வீடுகளில் நல்ல கோப்பைகள் அலுமாரிக் கண்ணாடிக்குள் இருக்கும். வருகிறவர்களுக்கு அதில் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நாங்கள் நெளிந்த தம்ளரில் குடிப்போம். மலசலகூடத்தையும் அப்படித்தான் வைத்திருந்தோம். றீற்றா தினமும் கழுவினாள், வாளியை நிரப்பினாள், பூட்டினாள். ஒருநாளும் பாவிக்கவில்லை. திறப்பு அவள் இடுப்பிலேயே தொங்கியது.

நிரோஷினி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் மீன் வெட்டுகிறவள். ஒருநாள் காலை றீற்றாவிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, ஒருக்கா திறப்பைத் தாங்கோவன்.”

“பொறு பிள்ளை. நாளைக்கு ஆக்கள் வருகினம். இப்பதான் கழுவினனான். கொமிட்டி ஏசும்.”

நிரோஷினி பிறகு கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டாள். நான்காம் நாள் குளிர்காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில் கிடந்தாள். சலத்தில் கிருமி, அடக்கி வைத்ததால் வந்தது என்றார்கள். வயிற்றுப் பிள்ளைக்குப் பயமில்லை என்று சொல்ல இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் றீற்றா வாட்டுக்கு வெளியே மர வாங்கில்தான் இருந்தாள். நான் பார்க்கப் போனபோது தலை நிமிராமலே கேட்டாள்.

“பலகை எழுதினது ஆர், நிக்கலஸ் அண்ணை?”

“நான்தான்.”

“பூட்டினது நான்.”

அந்த வாங்கில் வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகக் காலையில் தண்ணீர் குடிக்காததை அவள் எனக்குச் சொன்னாள்.

திங்கட்கிழமை கரைக்கு வந்ததும் றீற்றா பூட்டைக் கழற்றி, பலகையையும் பிடுங்கினாள். கேள்விப்பட்டு அஞ்சலோ ஓடிவந்தார்.

“என்ன கதை அக்கா இது? சனிக்கிழமை கொழும்புச் சுற்றுலாக் கொம்பனியில இருந்து பார்க்க வருகினம். அவைக்குப் பிடிச்சால்தான் இந்த சீசன் முழுக்க ஆக்களை அனுப்புவினம். நாறிக் கிடந்தால் எல்லாம் முடிஞ்சுது.”

“நாறாது தம்பி. நாங்கள் பதினாலு பேர். முறை வைச்சுக் கழுவுவம்.”

“நாறினால்?”

“பூட்டுங்கோ. இந்தாங்கோ திறப்பு. ஆனா பூட்டின அண்டைக்கு மீன் வெட்ட ஒருத்தியும் வரமாட்டாள். சோறும் நீங்கள்தான் காய்ச்ச வேணும்.”

அஞ்சலோவின் முகம் கறுத்தது. “றீற்றா சொல்றது சரி” என்றேன் நான். அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திறப்பை அவர் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியவே போய் வாளி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். கொம்பனியிலிருந்து ஜுமானா என்ற பெண் பதினொரு பயணிகளோடு வந்திறங்கினார். வலை இழுத்தார்கள். ஒன்பது மணியளவில் மலசலகூட வாசலில் வரிசை. எங்கள் பெண்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரி, கடைசியில் ஜுமானா. மீன் முள் குத்திய விரலை ஜெர்மன்காரி நீட்ட, எங்கள் ஆள் மஞ்சள் பூசிவிட்டாள். பாஷை இல்லாமலே சிரிப்பு நடந்தது. அஞ்சலோ பள்ளிக்கூடச் சோதனை மறுமொழிக்கு நிற்கும் பொடியன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஜுமானா வெளியே வந்து கையைத் துடைத்தார்.

“இது யாருக்குக் கட்டினீங்க?”

அஞ்சலோ வாயைத் திறக்குமுன் றீற்றா முந்திக்கொண்டாள். “கரையில நிக்கிற எல்லாருக்கும், மிஸ்.”

ஜுமானா குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் இந்தப் பக்கம் வந்துட்டு கந்தளாய் வரைக்கும், ஒரு மணித்தியாலம், அடக்கிக்கொண்டு போனேன். வானில ஒரு வார்த்தை பேச ஏலல்ல” என்றார். “சுத்தமா இருக்கு. ஆக்களை அனுப்புறோம். ஆனா இன்னொண்டு கட்டுங்க, வரிசை நீளம்.”

அன்று ஒருவரும் வானுக்கு அவசரப்படவில்லை. சோறு சாப்பிட்டார்கள், பெண்களோடு இருந்து கருவாடு புரட்டினார்கள், வெயில் தாழத்தான் போனார்கள். பானை காலி. ஹோட்டலில் மூன்று நாள் இருந்தும் ஒருவர் பெயரும் தெரியாது, இங்கே ஒரு பகலில் ஆறு பேரின் பெயர் தெரியும் என்று ஜெர்மன்காரி ஜுமானாவிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். அஞ்சலோ மட்டும் தண்ணீர்த் தாங்கி சீக்கிரம் முடிகிறது என்று இன்னும் முணுமுணுக்கிறார். அது அவர் சுபாவம்.

போன கிழமை ஒருநாள் கந்தோருக்குப் போகுமுன் கரைக்குப் போனேன். நான் அழகாக எழுதிய பலகையை மணலில் போட்டு, அதன்மேல் நிரோஷினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருந்தாள். ஒரு போத்தல் தண்ணீரை றீற்றாவிடம் நீட்டினாள்.

“வேண்டாம் பிள்ளை” என்றாள் றீற்றா, பழக்கத்தில். பிறகு கையை உப்பில் இருந்து எடுத்துக் கழுவி, போத்தலை வாங்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். பாதிப் போத்தல் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“என்ன செயலாளர் பார்க்கிறீங்கள்?” என்று மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். “நீங்களும் குடியுங்கோ. இப்ப பயமில்லை.”

அப்போது நேரம் காலை ஏழரை.