கிண்டியில் ஒரு ஊட்டி

தாம்பரத்தில் தார் உருகும் சித்திரையில் கம்பளிக் காலுறை வாங்கிய ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். ஸ்டேஷன் வாசல் நடைபாதைக் கடைக்காரர் கேட்டார்: "இன்னாக்கா, ஊட்டிக்கா?"

"இல்லண்ணா, கிண்டிக்கு."

கிண்டியில் என் ஆபீஸ். தொண்ணூறுகளின் தொடக்கம், கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதற்கு ஏசி அறை, கண்ணாடிக் கதவு, நெற்றியில் சந்தனம், குங்குமம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி ஆகாதாம். மின்விசிறிக்கடியில் வெந்துகொண்டிருந்த அத்தனை பேரும் ஏங்கிய, அதன் முன்னிருந்த நாற்காலி, பரீட்சை எழுதி ஜெயித்த எனக்குக் கிடைத்தது. கூடவே இன்னொரு பரிசு: விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்தன, நாவற்பழமாய் நீலம் பாரித்தன, பிறகு எரிந்தன.

டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார்: ஸ்கிளீரோடெர்மா. "நோயை எதிர்க்க வேண்டிய படை, உங்க உடம்பையே எதிரின்னு நினைச்சு அடிக்குதும்மா. தோல் இறுகும். குளிர் பட்டா ரத்தக்குழாய் சுருங்கிடும். கை காலைச் சூடா வெச்சுக்கலைன்னா விரல் நுனி புண்ணாயிடும்."

எவ்வளவு விசுவாசமான படை! வெளியே எதிரி கிடைக்காத நாளில், சோறு போடுகிறவளையே போட்டுச் சாத்துகிறது.

கம்பளி, அந்தத் தரையின் குளிருக்குக் காலை டீ வரும்வரைகூடத் தாங்கவில்லை. எங்கள் அதிகாரியிடம் டாக்டர் சீட்டை நீட்டி, தெருவை மிதிக்காத புதுச் செருப்பு ஒன்றை உள்ளேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதிகாரி சீட்டைப் பிரிக்கவே இல்லை.

"செருப்பு செருப்புதானேம்மா. மிஷின் கெட்டா யார் பதில் சொல்றது? முடியலைன்னா சொல்லுங்க, அந்த நாற்காலிக்கு ஆளா இல்ல?"

விரலா, நாற்காலியா? அந்த அறையில் உயிருள்ளது நான் ஒருத்திதான். ஆனால் உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஊரே பதறியது மிஷினுக்காக.

மேசைக்கடியில் இருந்த அதன் பெட்டி, முதுகுப்பக்கமாக வெதுவெதுவென்று மூச்சு விடுவதை ஒருநாள் கண்டுபிடித்தேன். காலுறையைக் கழற்றி, விதிப்படி வெறுங்காலை அதன்மேல் வைத்தேன். ஆகா! விரல் விரலாக உயிர் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்துவிட்ட அதிகாரி அலறிக்கொண்டு ஓடி வந்தார். "மிஷின் மேல காலா! குங்குமம் வெச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"கால் மரத்துப் போகுது சார்."

"அதுக்கு? செருப்பைப் போட்டுத் தொலைங்கம்மா!"

பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தெருப் புழுதியோடு ஷூ.

மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.