வடிவு துடைத்த தரை

திருமழிசையில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு சின்ன கம்பெனியில் அழகேசன் பதினெட்டு வருஷமாக பிரஸ் ஆபரேட்டர். போன ஆடி மாதம் ஒரு மத்தியானம், டூட்டி நேரத்திலேயே குடிக்கப் போகலாம் என்று பின்பக்கச் சுவரில் ஏறினான். மேலே போனதும் கால் சறுக்கி, கையை ஊன்றி உள்பக்கமே விழுந்தான். வலது மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது.

சூப்பர்வைசர் சம்பத் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னான். "மெஷினாண்ட எண்ணெ கெடந்துச்சு சார். வழுக்கிடுச்சு."

அந்தத் தரையைத் துடைப்பவள் வடிவு. மறுநாளே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லி மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும், உள்ளங்கையைத் திருப்பினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு துருத்திக்கொண்டு மேலே வந்தது. ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை.

"முன்கையில ரெண்டு எலும்பு. மணிக்கட்டுகிட்ட அதைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர் கிருஷ்ணப்பிரியா. "கையிலயே, இல்லாட்டியும் பரவாயில்லன்னு ஒரு தசைநாண் இருக்கு. அதை எடுத்து, எலும்புல துளை போட்டுக் கோத்துக் கட்டிடலாம். எவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தீங்க?"

"வழுக்கிட்டேன்" என்றான். மனைவி ரேணுகா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வடிவு பார்க்க வந்தாள். டப்பாவில் பருப்பு சாதம். குழையப் பிசைந்து, ஸ்பூனை அவனுடைய இடது கையில் கொடுத்தாள்.

"நான் ஒயுங்கா தொடச்சிருந்தா உனக்கு இப்டி ஆயிருக்காதுண்ணா."

அழகேசன் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டான். அப்போதும் சொல்லவில்லை. முழங்கைக்கு மேல்வரை கட்டு இருந்த ஆறு வாரமும் சொல்லவில்லை.

கைக்கான பயிற்சியெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று சம்பத், "தரை தொடைக்க வேற ஆள் போட்டுட்டேன். இனிமே தைரியமா நட" என்றார். அழகேசனால் மெஷினருகே போக முடியவில்லை. அங்கேயே நின்று நடந்ததைச் சொன்னான்.

அவனை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வடிவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். வீட்டிலும் சொன்னான். ரேணுகா ஒன்றுதான் கேட்டாள்: "தெரிஞ்சேவா அவ போட்ட சோத்தைத் துன்ன?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வடிவின் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தான்.

"அன்னிக்கு தொடச்சேனா இல்லியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றாள் அவள். "எம் பொண்ணுகிட்ட கூட, ஆமாம்மா, நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிகினு இருந்தேன்."

அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

வடிவு இப்போது காலை ஷிப்டில் வேலைக்கு வருகிறாள். அழகேசனிடம் பேசுவதில்லை. அவனும் பேச்சுக் கொடுப்பதில்லை. கை முக்கால்வாசி திரும்புகிறது.