மாலைக்குள் இருந்த கயிறு

எண்பதுகளின் நடுவில் செம்பூரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் நான் ஜூனியர் இன்ஜினியர். பட்டம் வாங்கி ஒன்பது மாதம். திமிர் மட்டும் இருபது வருட சர்வீஸுக்குப் போதும். டோம்பிவிலியில் ஒற்றை அறை. காலை லோக்கல் ரயிலில் நாலு பேர் என் முதுகில் சாய்ந்து வருவார்கள். ஒரு நாளில் மனிதர்கள் என்னைத் தொட்டதென்றால் அவ்வளவுதான். சைட்டில் நான் 'சார்'. சாருடன் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

ஹாய்ஸ்ட் ஆபரேட்டர் மட்டும் வேறு ரகம். திருநெல்வேலிக்காரர், தாராவியிலிருந்து வருவார். கலவைத் தொட்டியை மேலே ஏற்றி இறக்கும் விஞ்ச் அவர் கையில். பத்து மணிக்குத் தன் சாயாவில் பாதியை எனக்கு ஊற்றித் தருவார்.

"குடிங்க சாரே, காத்தடிச்சா பறந்துருவிய போலருக்கு."

பம்பாயில் எனக்கிருந்த மொத்தச் சொந்தமும் அந்த அரை கிளாஸ்தான்.

வெள்ளிதோறும் ஹாய்ஸ்டுக்குப் பூஜை. இரும்புக் கயிறு தொட்டியோடு சேரும் கிளாம்பில் செண்டுப்பூ மாலை கட்டுவார். அது தானாக உதிரும்வரை யாரும் கழற்றக் கூடாது. பழசின் மேலேயே புதுசு ஏறும். திங்கட்கிழமைதோறும் கயிற்றைச் சோதித்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது என் வேலை. பனியன் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டே வர வேண்டும். கயிற்றில் எங்காவது கம்பி இழை அறுந்திருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். மாலை கட்டிய இடம் வந்ததும் நான் கையை எடுத்துவிடுவேன். அந்த ஒன்றரை அடியைப் பார்க்காமலே மூன்று திங்கள் 'சரி' என்று எழுதினேன். அவர் மனம் நோகுமே என்றுதான். உண்மையைச் சொன்னால், சாயா நின்றுவிடுமே என்று.

நான்காவது திங்கள். இரவெல்லாம் மழை, காலையில் மேல்தளத்துக்கு ஸ்லாப் போட வேண்டும். துடைத்துக்கொண்டு வந்தபோது மாலையிலிருந்து பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டில் சொட்டியது. பூவுக்கு அந்த நிறம் கிடையாது. தொட்டி ஏறி இறங்கும் இடத்துக்கு அடியில் நாள் முழுக்க எட்டுப் பேர் நிற்பார்கள். மாலையில் கை வைத்தேன்.

"என்ன சார், சாமிக்குப் போட்டதப் போயி அவுக்குதிய?" ஆபரேட்டர் எழுந்து வந்தார்.

"உள்ள துரு இருக்கு அண்ணாச்சி."

"மூணு வாரமா பாத்துத்தான கையெழுத்துப் போட்டிய? அப்பம் இல்லாத துரு இப்பம் எங்கேருந்து வந்துச்சு?"

"இந்த இடத்தப் பாக்கல. சும்மா போட்டேன்."

"அரே சாப், ஆஜ் ஸ்லாப் ஹை!" என்று மேலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். இன்றைக்கு ஸ்லாப், வேலை நிற்கக் கூடாதாம்.

மாலையை அறுத்தேன். உள்ளே ஈரமான பூக்கூழ். துணியை வைத்து இழுத்தேன், நகரவில்லை. அறுந்த கம்பிகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. ஆபரேட்டர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"கீழ நிக்குத எட்டுப் பேர்ல எந் தம்பியும் ஒருத்தன், சாரே."

ஹாய்ஸ்டை நிறுத்தினேன். புதுக் கயிறு வர சாயங்காலமாயிற்று. அதுவரை எல்லோரும் கலவையைத் தலையில் சுமந்து நாலு மாடி ஏறினார்கள். என்னைத் தாண்டும்போது ஆளுக்கொரு இந்தி வார்த்தை. எதையும் இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் மாலையைக் கயிற்றில் கட்டவில்லை. மோட்டார் மூடியின் மேல் வைத்தார். பத்து மணிக்குத் தன் சாயாவை முழுதாகத் தானே குடித்தார்.

திங்களன்று கிளாம்ப் வரை துடைத்தேன். நூல் எங்கும் மாட்டவில்லை. 'சரி' என்று எழுதினேன். பத்து மணிக்குத் தெருமுனைக்குப் போய் நானே சாயா வாங்கிக் குடித்தேன். முழு கிளாஸ்.